காவற்கணு

நிணம் என்பது கொழுப்பைக் குறிக்கும் பழஞ்சொல். புறநானூறு பயில்வார் அதனைப் போர்க்களங்களிற் பலகாற் கண்டிருப்பர். உடலெங்கும் தெளிந்த நீராய் ஓடுவதொன்றற்கு நிணநீர் என்னும் பெயர் பொருந்துமோ என யாம் ஐயுற்றதுண்டு. வரலாறு அவ்வையத்தை நீக்கிற்று. 1622-ஆம் ஆண்டில் அசெல்லி என்னும் இத்தாலிய மருத்துவர், உணவுண்ட நாயொன்றை உயிருடன் கீறி நோக்குங்கால், குடலைச் சார்ந்த சவ்வில் வெண்ணூல் போன்றன சிலவற்றைக் கண்டார். நரம்பென்று கருதி ஒன்றை அறுக்கவே, பால்போலும் நீர் பெருகிற்று. (அந்நாயை நினைந்து எம் நெஞ்சு வருந்துகின்றது.) உண்ட கொழுப்பைச் சுமந்தமையாலன்றோ அது வெளுத்தது!

ஏனையிடங்களில் அந்நீர்க்கு நிறமில்லை. குழல்களும் மிக நுண்ணியன. 1952-இல் லண்டனில் கின்மந்த் என்பார் கால்விரலிடையே நீலச்சாயம் ஏற்றி, அது காட்டிய குழலிலே எக்ஸ்கதிர்க்குப் புலனாகும் மருந்தைச் செலுத்திப் படம் பிடித்தார். காணாதது காணப்பட்டது.

புற்றுநோய் இக்குழல்வழியே கணுக்களை அடையும். மார்பிற் கட்டி கண்டவிடத்து, அக்குளிலுள்ள கணுக்களைப் பெரும்பாலும் ஒருசேரக் களைவதே முன்னை வழக்கம். கட்டியினின்று வரும் நீர் முதலிற் சேரும் கணு யாது? அதனைக் காவற்கணு என்பர், வாயிற்காவலன் போல்வது. 1992-இல் அமெரிக்க மருத்துவர் மார்ட்டன் தோற்புற்றுநோயில் நீலச்சாயத்தால் அதனைக் கண்டறிந்து வெளியிட்டார். 1994-இல் ஜூலியானோ மார்பகத்திலும் அம்முறையைக் காட்டினார். ஆறு மணி நேரத்திற் பாதியாய்க் குறையும் டெக்னீசியம் என்னும் கதிர்வீசும் பொருளும் இதற்குப் பயன்படுகின்றது. காவற்கணுவில் நோயில்லையேல் ஏனையவற்றைத் தொடுதல் வேண்டா. 5611 மகளிரைக்கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2010-இல் வெளிவந்தது: காவற்கணு தூயதாயிருந்தோருள், ஏனைய கணுக்களை விட்டவர்க்கும் களைந்தவர்க்கும் ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை.

எம் பெரியதாயார்க்கோ கணுக்களிலும் நோய் புகுந்திருந்தது. அனைத்தையும் களைதல் வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார், நீர் வடிய வழியின்றிக் கை வீங்கிற்று. அக்கையில் வளையல் ஏறி ஆண்டுகள் பல ஆயின. இந்நாளில் பச்சைச் சாயமொன்றைத் தோலின்கீழ்ச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க்கதிர்க் காமிராவால் எஞ்சிய குழல்களை ஒளிக்கோடுகளாய்க் கண்டு, அவற்றைச் சிறு இரத்தக்குழாயோடு இணைக்கின்றனர். அதனாற் சிலர்க்கு வீக்கம் தணிகின்றது. இதனை யாம் அவரிடம் விரித்துரைத்தோம். பொறுமையாய்க் கேட்டிருந்து, “அந்த ஊசி வலிக்குமா, தம்பி?” என்றார்.