டீச்சர் கையில் கத்தி

போன வாரம் நறுக்கிய மாம்பழத்தைப் படம் எடுத்துப் போட்டேன் அல்லவா, பழத்தை விட்டுவிட்டு ஓரத்தில் கிடந்த கத்தியைப் பிடித்துக்கொண்டீர்கள். "டீச்சர், நீங்களுமா கத்தி வைச்சிருக்கீங்க?" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

32 வருஷம் சாக்பீஸ் பிடித்த கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. முழங்கால் மடங்காததால் அரிவாள்மனைக்கு முன்பே விடை கொடுத்தாயிற்று. கைப்பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதைத் திறக்க நகத்தைக் குழியில் கொடுத்து நெம்ப வேண்டும். ஒருநாள் ரயிலில் கொய்யாப்பழத்தை வைத்துக்கொண்டு, எதிர் சீட்டில் இருந்த பையனிடம் "இதைக் கொஞ்சம் திறந்து குடுப்பா" என்று நீட்டினேன். அவன் சிரித்த முகமாகத்தான் திறந்து கொடுத்தான். எனக்குத்தான் பழம் இறங்கவில்லை. தனியாக இருக்கிறேன், என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மகளிடம் வாதாடிக்கொண்டிருப்பவள் அல்லவா!

விஷயம் மருமகன் காதுக்குப் போய், ஸ்வீடனிலிருந்து வரும்போது ஒரு மடங்காத சின்னக் கத்தி வாங்கி வந்தார். (பெட்டிச் சாமானில் போட்டுத்தான். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள்.) மோரா என்ற ஊரில் செய்தது. அங்கே 1891-லிருந்து இந்தக் கம்பெனி கத்தி செய்கிறது. அலகு 6 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கனம் 2 மில்லிமீட்டர். பிடி குண்டாக, பிள்ளையார் வயிறு மாதிரி உள்ளங்கையில் உட்காருகிறது. வலிக்கிற கைக்கு மெல்லிய பிடி ஆகாது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க மூட்டு கெஞ்சும். இதை இறுக்கவே வேண்டியதில்லை. கீல் இல்லாததால் பழச்சாறு உள்ளே போய் நாறுவதும் இல்லை, குழாயடியில் காட்டினால் சுத்தம். பார்சல் கயிறு, பால் பாக்கெட், முருங்கைக்காய், எல்லாம் ஆயிற்று. உறையிலிருந்து உருவும்போது மட்டும் கட்டைவிரலால் தள்ள வேண்டியிருக்கிறது. அது ஒரு குறை.

இன்னொரு குறை மாங்காயில் தெரிந்தது. ஊறுகாய்க்கு மெல்லிசாகச் சீவப் பார்த்தால், அலகு கனமாக இருப்பதால் சீவுவதற்குப் பதில் பிளக்கிறது. துண்டு பாதியில் முறிந்து விழுகிறது.

அப்போதுதான் அந்த இன்னொரு கத்தி ஞாபகம் வந்தது. படத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

1994-ல் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனிடமிருந்து நான் பிடுங்கியது. உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டை ஒரு பக்கம் சாணை பிடித்து, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றி, அட்டையில் நூல் போட்டு உறையும் தைத்திருந்தான். அவன் அப்பாவுக்குப் பட்டறை வேலை. பெஞ்சு முழுக்க எல்லார் பென்சிலையும் அவன்தான் சீவிக் கொடுப்பான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்குக் கத்தி கொண்டுவர்றவன் உருப்படுவானா?" என்று வகுப்பு முன்னால் கேட்டேன். அப்பாவைக் கூட்டி வா என்றேன். அப்பா வரவில்லை. காலாண்டு விடுமுறைக்குப் பிறகு அவனும் வரவில்லை. என் பேச்சாலா, வீட்டுக் கஷ்டத்தாலா, நான் விசாரிக்கவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தேன், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்தபோது சாக்பீஸ் டப்பாவோடு அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. பரணிலிருந்து எடுத்துத் துரு தேய்த்து, அம்மிக்கல்லில் நாலு இழு இழுத்தேன். மாங்காயில் வைத்தால் தாள் தாளாகச் சீவுகிறது! அலகின் கனம் 1 மில்லிமீட்டர் கூட இல்லை, அதுதான் காரணம். புளிப்புப் பட்டுத் துடைக்காமல் விட்டால் கறுத்துப் போகும், அது பரவாயில்லை. பிடிதான் என் கைக்கு ஆகவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் கைக்கு அளவெடுத்துச் சுற்றிய பிடி அது. அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் டியூப் சுற்றிக் குண்டாக்கியிருக்கிறேன். அவன் சுற்றியதைப் பிரிக்கவில்லை.

இப்போது கைப்பையில் ஸ்வீடன் கத்தி, அடுப்படியில் அவன் கத்தி.

அந்த வருஷம் 9-பி பிரிவில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். பெயரை இங்கே கமெண்டில் போட வேண்டாம். மேலே சுற்றிய டியூபைக் கழற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். கத்தி அவனுடையது.