நாலு ஸ்டேஷன் தள்ளி ஒரு தீவு

பிந்தான் போவதென்று முடிவானது டோபி காட் நிலையத்துக்கு மேலே, பிளாசா சிங்கப்பூராவின் கீழ்த்தளத்தில், ஒரு தட்டு சிக்கன் ரைஸுக்கும் மூன்று கோப்பை தே-ஓவுக்கும் நடுவில். நாங்கள் மூன்று பேர். ஒருத்தி உட்லண்ட்ஸிலிருந்து சிவப்புப் பாதையில் வருவாள். இன்னொருத்தி பீஷானிலிருந்து வட்டப் பாதையில். எனக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதாப் பாதையில் ஒரே நிறுத்தம். மூன்று பாதைகளும் சேருமிடம் என்பதால் எங்கள் சண்டை, சமாதானம், பிறந்தநாள் எல்லாமே டோபி காட்டில்தான் நடக்கும்.

நவம்பர் கடைசி. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் எங்கு பார்த்தாலும் விலை ஏறியிருந்தது. தியோமான் கூடாது, வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். லங்காவி என்றால் விமானம். பிந்தானுக்கு ஃபெரியில் ஒரு மணி நேரம். எக்செல் கோப்பு திறக்கப்பட்டது. பீஷான்காரி அதில் 'ஹேமக்' என்று ஒரு தனி வரிசையே போட்டாள். எந்த ரிசார்ட்டில் இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டியிருக்கிறார்கள் என்று குறிப்பதற்காக.

சிங்கப்பூர்வாசிகளுக்குத் "தீவுக்குப் போறோம்" என்று சொல்வதில் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. இருப்பதே பூமத்திய ரேகைக்கு 137 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஒரு தீவில். கடல், தென்னை, வருஷம் முழுக்க வியர்வை, எல்லாம் உண்டு. ஆனாலும் விடுமுறைக்கு இன்னொரு தீவு வேண்டும். இங்கே இருக்கிற தென்னை வேலைநாள் தென்னை.

அம்மா அந்தச் சமயத்தில்தான் மன்னார்குடியிலிருந்து வருவதாக இருந்தது. முதல் வெளிநாட்டுப் பயணம். அம்மாவையும் பிந்தானுக்குக் கூட்டிப்போவது, ரிசார்ட் கட்டிலில் உட்காரவைத்து இளநீர் கொடுத்து ஒரு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புவது என்று திட்டம் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் போட்டோவுக்காகத்தான் முக்கால்வாசித் திட்டமும். முன்பணம் கட்டி, ஃபெரி டிக்கெட் எடுத்து, எல்லாம் முடிந்த பிறகு உட்லண்ட்ஸ்காரி கேட்டாள்: "அம்மா விசா மல்டிப்பிள்தானே?"

இல்லை. ஒற்றை நுழைவு. சிங்கப்பூருக்குள் ஒரு தடவை வரலாம், ஒரு தடவை போகலாம். பிந்தானுக்குப் போனால் அங்கேயிருந்து ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பீஷான்காரிக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "ஒரு மணி நேரம்தானே, கண்ணுக்குத் தெரியுற தூரம்" என்றாள். தூரமா பிரச்சினை. ரிசார்ட்காரர்கள் முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று மிக மரியாதையாக எழுதினார்கள். தோழிகள் இருவரும் போகட்டும், நான் அம்மாவோடு இருந்துகொள்கிறேன் என்றேன். தியாகம் ஒன்றும் இல்லை, மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா வந்த இரண்டாம் நாள் சாயங்காலம், அவளை டோபி காட்டுக்கு அழைத்துப் போனேன். நகரும் படிக்கட்டில் என் முழங்கையை இறுகப் பிடித்தபடி ஏறியவள், மேலே வந்ததும் பெயர்ப்பலகையில் தமிழைக் கண்டுவிட்டு நின்றாள். இங்கே நாலு மொழிப் பலகைகள் சகஜம் என்பதால் நான் அதைப் பார்த்தே வருஷக்கணக்காகியிருக்கும்.

"டோபி காட்... ஏம் பாப்பா, இது வண்ணாந்தொறயா?"

வண்ணாந்துறையேதான். அந்தக் காலத்தில் பிராஸ் பாசா ஓடை இங்கே திறந்து ஓடியது. இந்தியச் சலவைத் தொழிலாளிகள் அதில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் துணி காயப்போட்டார்கள். ஓடை இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகி, பெரும்பகுதி சாலைக்கு அடியில் போய்விட்டது. துவைத்தவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்திருப்பார்கள், ஆனால் பலகையில் இருப்பது இந்திச் சொல்லின் தமிழ் உச்சரிப்பு. எனக்கு அதுநாள்வரை அது ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். அம்மாவுக்குத்தான் அது ஒரு துறையாகக் கேட்டது.

"ஒங்க தாத்தா சட்டய இங்க கொண்டாந்து போட்டுருக்கணும்" என்று சிரித்தாள். "அந்தக் கொரண்டித் தீவுல கெடுத்துக் குடுத்தாங்களே."

இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் பாதி தெரியும், நான் கடைக்குட்டி. தாத்தா 1951-ல் நாகப்பட்டினத்தில் படகேறி, கரைக்கு வராமல் நடுக்கடலில் நின்ற ரஜூலாவில் ஏறினார். 1926 முதல் 1973 வரை நம்மூர் ஆட்களை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்த கப்பல். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார். வந்தவர்களை நேரே ஊருக்குள் விடவில்லை. ஒரு தீவில் இறக்கினார்கள்.

"துணியெல்லாம் உருவிக்கிட்டு ஆவில வேக வெச்சாங்களாம், இட்லி கணக்கா. அப்பா சிங்கப்பூருக்குன்னே புதுசா தச்ச வெள்ளச் சட்ட. எவனோட செவப்புத் துண்டோ கூடக் கெடந்து, சாயம் ஏறி, சுருங்கி, ரோசு சட்டையா வந்துச்சாம். அதப் போட்டுக்கிட்டுத்தான் கரை எறங்கினாரு. 'ரோசு சட்ட'ன்னே பேராயிருச்சு அவருக்கு."

கொரண்டி என்று அம்மா சொன்னது குவாரன்டைனை. அந்தத் தீவு செயின்ட் ஜான்ஸ். 1873-ல் சிங்கப்பூரில் காலரா பரவியதை அடுத்து, 1874-ல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் தொடங்கினார்கள். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த கூலிகள், ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் என்று நூறு வருஷம் அது நடந்தது. கேபின் டிக்கெட்காரர்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சங்கடம் கிடையாது. கிருமிக்கும் டிக்கெட் வகுப்பு தெரியும் போலிருக்கிறது.

செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். டோபி காட்டிலிருந்து சிவப்புப் பாதையில் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ், மரினா பே, மரினா சவுத் பியர். நாலு நிறுத்தம். அங்கிருந்து ஃபெரி அரை மணி நேரம். விசா வேண்டாம். பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன். பாலியில் எந்தக் கடற்கரை நீச்சலுக்கு நல்லது என்று கேட்டால் சொல்வேன். தாத்தா முதன்முதலில் கால் வைத்த இடம் நாலு ஸ்டேஷன் தள்ளி இருப்பது எனக்குத் தெரியாது.

அன்றிரவு எக்செல் கோப்பில் புதிய தாள் ஒன்று திறந்தேன். தேடத் தேட, விடுமுறை பற்றித் தேடுகிறேனா சிறை பற்றித் தேடுகிறேனா என்று எனக்கே குழப்பம். செயின்ட் ஜான்ஸ் அரசியல் கைதிகளை வைத்த இடமும்கூட. தாத்தா வந்த அதே 1951-ல் தேவன் நாயர் அங்கே அடைக்கப்பட்டிருந்தார். பிரிட்டிஷ் எதிர்ப்புக்காகப் பிடித்தார்கள், 1953 வரை வைத்திருந்தார்கள். அவர்தான் 1981-ல் சிங்கப்பூர் அதிபரானார். அதிபரின் இஸ்தானா வாசல், நாங்கள் தே-ஓ குடிக்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. செந்தோசா? மலாயில் அந்தப் பெயர் நம் சந்தோஷத்துக்கு உறவு. 1972-ல் வைத்தது, அதற்கு முன் புலாவ் பிளாக்காங் மாத்தி, 'மாத்தி' என்றால் சாவு. அந்தச் சந்தோஷத் தீவில்தான் சியா தை போவை 1989-ல் ஓர் அறைக் காவல் வீட்டில் குடிவைத்தார்கள். விசாரணை இல்லாமல் 23 வருஷம் சிறையில் இருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். சுற்றிலும் சுற்றுலாப் பயணிகள். 1992 வரை ராத்திரி தங்க அவர் அந்தத் தீவைத் தாண்ட முடியாது. இதையெல்லாம் எக்செலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சனிக்கிழமை காலை மழை விட்டுவிட்டுத் தூறியது. அம்மா மஞ்சள் துணிப்பையில் புளிசாதம், தண்ணீர், துண்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள். ஃபெரியில் பாதிப் பேர் குடையும் பாயுமாக லாசரஸ் தீவுக் கடற்கரைக்குப் போகிறவர்கள். இரண்டு தீவையும் இணைத்துச் சாலை போட்டிருக்கிறார்கள். நாங்கள் செயின்ட் ஜான்ஸிலேயே நின்றுவிட்டோம்.

பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். பூனைகள், ஏராளமான பூனைகள். கடல் ஆராய்ச்சிக்கூடம். பெரிய மழைமரங்கள். 1970களில் தனிமைப்படுத்தும் நிலையத்தை விடுமுறை முகாமாக மாற்றியபோது பழைய கட்டடங்களும் அப்படியே உடை மாற்றிக்கொண்டன. நோயில்லை என்று நிரூபிக்கக் காத்திருந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கேம்ப் வந்தார்கள். தகவல் பலகைகளை நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். அம்மா பாதியில் நிறுத்தச் சொன்னாள். எந்தக் கட்டடத்தில் துணியை வேகவைத்திருப்பார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது எந்தப் பலகையிலும் இல்லை.

நீர்க்கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். வடக்கே நகரம் முழுசாகத் தெரிந்தது, கோபுரங்கள், பாரந்தூக்கிகள், வரிசையாகக் கப்பல்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து எனக்குப் பதிமூணு வயசு வர நாலு தடவதான் வந்தாரு" என்றாள். "71-ல நேவல் பேஸ மூடுனப்ப மொத்தமா வந்துட்டாரு. வந்து? யாரோ வூட்டுக்கு வந்த மாதிரி திண்ணயிலயே ஒக்காந்துருப்பாரு. நான் அவர்ட்ட சரியாவே பேசுனது இல்ல பாப்பா. வீம்பு."

இதை அம்மா எனக்குச் சொன்னதே இல்லை. தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் ரோஸ் சட்டைக் கதைதான் உண்டு, வீம்புக் கதை கிடையாது.

"இருவது வருசம் இருந்தாரு. வேலயப் பத்திச் சொன்னதில்ல, எங்க தங்குனாரு, என்ன தின்னாரு, ஒண்ணுஞ் சொன்னதில்ல. கேட்டா, 'வேல பாத்தேன்' அவ்ளோதான். இந்த அஞ்சு நாளு கதைய மட்டும் நூறு தடவ சொல்லிருப்பாரு. மரத்தடியில படுத்துக் கெடந்தோம், சோறு அவங்களே போட்டாங்க, கடலப் பாத்துக்கிட்டே இருந்தோம்னு."

ஒரு பூனை அவள் காலடியில் வந்து படுத்தது. கொஞ்சம் சோறு வைத்தாள், அது மோந்துவிட்டு விட்டது.

"வேல இல்லாம அவரு இந்த ஊர்ல இருந்தது அந்த அஞ்சு நாளுதான் போல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா எனக்கு ஆறு வயதில் போய்விட்டார். மூத்திர வாடையடிக்கும் போர்வையும், என் கையில் திணித்த ஒரு சாக்லெட்டும்தான் நினைவு. அந்த நேரத்தில் தோழிகள் பிந்தானிலிருந்து போட்டோ அனுப்பினார்கள். இரண்டு தென்னைக்கு நடுவே தூளி, அதில் இரண்டு ஜோடிக் கால்கள். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இதுக்கா அவ்ளோ காசு?"

அவளை ஒரு போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அப்புறம் புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி நகரத்தைப் பார்த்து நின்றாள். ஒன்று எடுத்தேன். அண்ணனுக்கு இன்னும் அனுப்பவில்லை.

திரும்பும் ஃபெரியில் நல்ல மழை. மரினா சவுத் பியரில் இறங்கி நடக்கும்போது அம்மா பின்தங்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால், கூட்டத்தை ஓரமாக விட்டு நின்றுகொண்டு மஞ்சள் பையின் அடியில் துழாவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதற்கு மேல் கைக்குட்டையில் கட்டி, பாஸ்போர்ட்டை நாள் முழுக்கச் சுமந்திருக்கிறாள்.

"எங்க காட்டணும்?"

"எங்கயும் இல்லம்மா. வா."

நம்பாமல், அதைக் கையில் பிடித்தபடியே கதவைத் தாண்டினாள். டோபி காட் வரும்வரை உள்ளே வைக்கவில்லை.