குதிரையின் சாட்சியம்

நோவை மறைத்தல் குதிரைக்கு இயல்பு. வேட்டை விலங்குகளுக்கு இரையாகிய ஓரினம் திறந்த புல்வெளிகளிற் கூட்டமாக வாழ்ந்து பெற்ற பழக்கம் அது. தளர்ந்ததாகத் தோன்றுவதே முதலிற் பிடிபடும். ஆகவே முதுகு நொந்தாலும் காலின் தசைநாண் கிழிந்தாலும் அது நாயைப் போல அலறுவதில்லை. காதைச் சற்றே பின்தள்ளும். சேணம் இறுக்கும்போது முகத்தைச் சுளிக்கும். ஒரு காலடியைச் சிறிது குறுக்கி வைக்கும். இவற்றைக் காண்பதற்குப் பழகிய கண் வேண்டும். கண்ணிருந்தாலும் கண்டதன் பொருளைக் காண்பவரே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. குதிரை வைத்தியத்தின் அருமையும் மயக்கமும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றன.

கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குதிரையைக் கையால் நீவிக் குணப்படுத்துவோர் எனத் தனித்தொழிலாளர் தோன்றியுள்ளனர். விளையாட்டு வீரரின் தசைகளை உருவிப் பிடித்துப் பழகிய ஜக் மாகர் என்னும் அமெரிக்கர், அதே முறையைக் குதிரைக்கும் கையாண்டு 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். லிண்டா தெலிங்ரன் ஜோன்ஸ் என்னும் அம்மையாரோ, மனிதரின் உடலசைவைச் சீராக்க மோசே பெல்டன்கிரைஸ் வகுத்த முறையைக் கற்று, விரல்நுனியாற் குதிரையின் தோலைச் சிறு வட்டங்களாக அசைக்கும் ஒரு வழியை உருவாக்கினார். இருவர் கையின் அழுத்தமும் ஒன்றன்று; இருவரும் கூறிய விளக்கமும் ஒன்றன்று. ஆயினும் இரண்டு கைகளின் கீழும் குதிரை தலையைத் தாழ்த்தியது, கீழுதட்டைத் தளரவிட்டது, நீண்ட மூச்செறிந்தது.

இத்தளர்ச்சி வெறுந்தோற்றமன்று. பிரான்சின் தென்பகுதியிலுள்ள கமார்க் சதுப்புநிலத்துக் குதிரைகளை ஆராய்ந்த இருவர் 1993இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. குதிரைகள் ஒன்றையொன்று பல்லாற் கோதிக்கொள்ளும்போது பெரிதும் விரும்புவது பிடரியின் அடிப்பகுதியை. அவ்விடத்தை மனிதக் கையாற் சொறிந்தபோது குதிரையின் இதயத்துடிப்புக் குறைந்தது; விரும்பாத வேறோரிடத்தைச் சொறிந்தபோது அவ்வாறு குறையவில்லை. கைக்கு வேலை உண்டு என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை. ஆனால் கை செய்யக்கூடியது இது என்றால், கை செய்ததாகச் சொல்லப்படுவது வேறு. இடம்பெயர்ந்த முள்ளந்தண்டென்பைத் தள்ளி இருத்தியதாகச் சொல்வோர் உளர். ஏறத்தாழ ஐந்நூறு கிலோகிராம் நிறையுள்ள ஒரு விலங்கின் முதுகில், கையளவு தடித்த தசைக்கு அடியிலே, வலிய இணையங்களாற் பிணிக்கப்பட்ட என்பு அவ்வாறு பெருவிரலுக்குப் பணிந்து நகருமாயின், அக்குதிரை ஒரு வேலியைத் தாண்டுவதற்குள் அதன் முதுகே குலைந்துபோயிருக்கும்.

கைக்கு அடுத்து வந்தது காந்தம். இன்று குதிரைக்கான காந்தப் போர்வையும் காந்தக் காற்கட்டும் கடையில் வாங்கத்தக்க பொருள்கள். குருதியில் இரும்புண்டு, இரும்பைக் காந்தம் இழுக்கும், ஆகவே காந்தம் கட்டிய இடத்திற்குக் குருதி பாயும் என்பது விற்போர் கூறும் எளிய விளக்கம். கேட்பதற்கு இனிது, பௌதிகத்திற்கு ஒவ்வாதது. ஈமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியில் உள்ள இரும்பைப் போன்றதன்று. ஒட்சிசன் ஏற்ற குருதியைக் காந்தம் மிகச் சிறிதளவு விலக்குகின்றது. ஒட்சிசன் இழந்ததை மிகச் சிறிதளவு ஈர்க்கின்றது. லீனஸ் போலிங்கும் சாள்ஸ் கொரியெலும் இதனை 1936இலேயே காட்டிவிட்டனர். வைத்தியசாலைகளில் உடலின் உட்பகுதியைப் படம்பிடிக்கும் காந்தப் பொறிகள் பல 15,000 காவுஸ் வலிமையுடையன. அவற்றினுள்ளே கிடந்தவர் எவருக்கும் குருதி ஒருபுறமாகத் திரண்டதில்லை. காற்கட்டில் உள்ளதோ சில நூறு காவுஸ்.

விளக்கம் பிழையாயினும் பயன் உண்மையாக இருக்கலாகாதா? இருக்கலாம், வைத்திய வரலாற்றில் அத்தகையன பல. ஆகவே அளந்து பார்ப்பதே வழி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், ஆறு குதிரைகளின் ஒரு முன்னங்காலில் 270 காவுஸ் காந்தக் கட்டும், மறு முன்னங்காலில் காந்தமில்லாத கட்டும் 48 மணி நேரம் கட்டப்பட்டன. கதிரியக்கமூட்டிய குருதிக்கலங்களைக் கொண்டு இரு கால்களின் குருதியோட்டமும் அளக்கப்பட்டது. வேறுபாடு காணப்படவில்லை.

மின்சுருளில் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தித் துடிக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குவது வேறொரு முறை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்து அன்ட்ரூ பசெற் முதலானோர் இதனை முறிந்து பொருந்தாத மனித என்புகளுக்குப் பயன்படுத்தினர். 1979இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. அதன் பெயரைக் கடன் வாங்கியே வெறுங் காந்தக் கட்டும் விற்கப்படுகின்றது.

இவ்வளவு கூறியபின்னும் குதிரை வைத்திருப்போர் ஒரு மறுமொழி வைத்திருக்கின்றனர். அதனை எளிதில் தள்ளிவிடல் தகாது. "மனிதனுக்கு நம்பிக்கையாற் குணம் வரலாம், குதிரைக்குக் காந்தம் என்பதே தெரியாதே! அது நம்பவுமில்லை, கற்பனை செய்யவுமில்லை. பிறகு எப்படி நொண்டல் குறைந்தது?" என்பர் அவர்கள். குதிரை பொய்ச்சாட்சி சொல்லாது என்பதே இதன் சாரம். இதன் வலிமையை நிறுத்துப் பார்க்க இரண்டு பழைய விசாரணைகள் உதவும்.

முதலாவது பாரிசில் நிகழ்ந்தது. வியன்னாவில் நோயாளருக்குக் காந்தங் கட்டத் தொடங்கிய பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர், பின்னர் காந்தத்தையும் கைவிட்டு, உயிர்களிடையே ஓடும் காந்தப் பாய்பொருளைத் தம் கையாலேயே செலுத்த முடியும் என்றார். 1784இல் மன்னர் பதினாறாம் லூயி அமைத்த குழுவிலே பென்சமின் பிராங்கிளினும் லவோசியேயும் இருந்தனர். பிராங்கிளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மெஸ்மரின் சீடர் காந்தமேற்றினார். கண்கட்டிய சிறுவன் ஒருவன் மரந்தோறும் அழைத்துச் செல்லப்பட்டான். அவன் மயங்கி விழுந்தது காந்தமேறாத வேறொரு மரத்தடியில். அங்கு நம்பியவன் நோயாளி. குதிரைக்காரரின் வாதம் இதனால் அசையாது.

இரண்டாவது விசாரணையோ குதிரையைப் பற்றியதே. பேர்லினில் வில்லெம் பொன் ஒஸ்ரன் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஹான்ஸ் என்ற குதிரை, கேட்ட கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறியது. 1904இல் ஆராய்ந்த குழு ஏமாற்று எதுவுமில்லை என்றது, அது உண்மையே. பின்னர் ஒஸ்கார் புங்ஸ்ற் பொறுமையுடன் சோதித்தார். வினவியவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. வினவியவரைக் காணாதபடி மறைத்தபோதும் அது தவறியது. சரியான எண்ணிக்கை வந்தவுடன் வினவியவரின் தலை மயிரிழையளவு நிமிர்ந்தது. அதனைக் கண்டு குதிரை நிறுத்தியது. 1907இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வில் மிகவும் வியக்கத்தக்கது பிறிதொன்று. இரகசியத்தைக் கண்டுபிடித்த பின்பும், தம் தலை அவ்வாறு நிமிர்வதைப் புங்ஸ்ற்றினாலேயே தடுக்க முடியவில்லை.

குதிரை பொய் சொல்லவில்லை. தன்னருகே நிற்பவரையே திருப்பிச் சொல்லியது. காந்தக் கட்டை வாங்கி வந்தவர் அன்று லாயத்தில் ஆறுதலோடு நிற்கின்றார், கை மென்மையாகின்றது, கயிறு தளர்கின்றது, குதிரையும் தளர்கின்றது. அதுமட்டுமன்று, நடையைப் பார்த்து மதிப்பிடுபவரும் அவரே. தேர்ந்த மிருக வைத்தியரும் இதற்கு விலக்கல்லர். காலை மரக்கச் செய்யும் ஊசி போடப்பட்டது என்ற அறிவே நொண்டல் பற்றிய மதிப்பீட்டைச் சாயச் செய்கின்றது என்று 2006இல் ஆங்கில மிருக வைத்தியச் சஞ்சிகையொன்று சான்றுடன் எழுதியது.

இவர்களை நகைப்பது எளிது, நகைப்பதற்குரியதன்று. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. என்பும் தசைநாணும் தோலுமே. அங்கு நாண் கிழிந்தால் ஆறுவதற்கு ஒன்பது மாதம், ஓராண்டு செல்லும். ஆறியதும் பழைய நெகிழ்ச்சி வாராது. அத்தனை காலமும் ஒரு மனிதர் நாள்தோறும் லாயத்திற்குச் சென்று, ஒன்றும் செய்யாதிருத்தலே வைத்தியம் என்று கேட்டுத் திரும்ப வேண்டியிருக்கின்றது. அவர் கையில் ஒரு காற்கட்டைக் கொடுத்தால் அவருக்குப் பொறுக்க முடிகின்றது. கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் ஒரு பொழுது கிடைக்கின்றது, கால் ஓய்கின்றது, ஓய்ந்த கால் ஆறுகின்றது, புகழ் காந்தத்திற்குப் போகின்றது. இவ்வளவில் நின்றாற் கேடில்லை. ஆனால் அதே கட்டை நம்பி நான்காம் மாதத்தில் "நடை திருந்திவிட்டது" என்று கண்டு, சேணத்தை ஏற்றி ஓட்டினால், பாதி ஆறிய நாண் மீண்டும் கிழியும். பந்தயக் குதிரைகள் பலவற்றின் ஓட்டம் அந்த இரண்டாம் கிழிவோடு முடிந்திருக்கின்றது. காண்பவரின் விருப்பத்திற்குரிய விலையைக் காணப்படுவது செலுத்துகின்றது.

நொண்டலைக் கண்டறிய மிருக வைத்தியர் செய்வது இன்றும் பழைய காரியந்தான். கடினமான தரையிற் குதிரையைத் துள்ளுநடையில் நேராக ஓட்டிவரச் சொல்கின்றார். நொந்த முன்னங்கால் நிலத்தில் ஊன்றும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். கயிற்றைப் பிடிப்பவர் அதனைத் தளர்வாகவே பிடிக்க வேண்டும். இறுக்கினால் தலையின் அசைவு மறைந்துவிடும். எந்தக் கால், என்ன கட்டு, எத்தனை நாள் என்பவற்றை ஓடி முடியும்வரை அவருக்குச் சொல்லாதிருப்பது நன்று.