டொக்... டொக்... தொப்!

போன சம்மர் லீவுக்கு அமெரிக்காவுல, மிச்சிகன் சித்தப்பா வீடு. பக்கத்துலயே செயின்ட் கிளேர் ஏரி. ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர்... ஏரியா அது, கடல் பாஸ்! குடும்பத்தோட சுத்த ஒரு செகண்ட் ஹேண்ட் மோட்டார் படகு, சித்தப்பாவோட பல வருஷக் கனவு.

விலை பேசி முடிச்சாச்சு. படகு பளபளன்னு மின்னுச்சு. குட்டித் தங்கச்சி லைஃப் ஜாக்கெட்டோட ரெடி. 'நீ மெக்கானிக்கல்தானே... ஒரு தடவை பார்த்துடு'ன்னார் சித்தப்பா.

இன்ஜின் மாட்டியிருக்கிற பின்பலகையைத் தட்டினேன். ஓரத்துல டொக் டொக்... நடுவுல மட்டும் தொப்! ஃபைபருக்குள்ள இருக்கிற மரம் தண்ணி இறங்கி மக்கிட்டா, சத்தம் இப்படித்தான் அமுங்கும். இன்ஜினோட எடை, அது தள்ளுற விசை ரெண்டையும் தாங்குறது அந்தப் பலகைதான்.

சொல்லலாமா, வேண்டாமா? ரெண்டு அரியர் வெச்சிருக்கிறவன் பேச்சை யார் கேட்பா? தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் சொல்லிட்டேன். சித்தப்பா ஒரு ஸ்க்ரூவைக் கழட்டச் சொன்னார். துளையிலேர்ந்து பழுப்புத் தண்ணி கசிஞ்சுது.

வீடு வர்ற வரைக்கும் தங்கச்சி அழுகை. கார்ல யாரும் பேசலை. இறங்கும்போது சித்தப்பா தோளைத் தட்டினார்.

'அந்த அரியரை முடிச்சுடுடா, இன்ஜினீயர்!'