பிரஷர் எங்கே போச்சு?

தெர்மல் பேப்பரில் இரண்டு தடவை அரியர் வைத்தவன் பாய்லரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். அரியர் வைத்தவனுக்குத்தான் இந்தக் கதை நடந்தது.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு ராஜபாளையம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சத்திரப்பட்டி போவேன். அங்கே தறிகளில் ஓடுவது ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அதை வெளுக்கும் ஒரு பட்டறையில் ஒரு மாதம் பயிற்சி. காடாத் துணியைக் 'கியர்' என்ற பெரிய மூடிய தொட்டியில் (வண்டி கியர் இல்லை!) காஸ்டிக் சோடா கரைசலோடு நீராவியில் வேக வைப்பார்கள். பஞ்சிலுள்ள மெழுகும் கஞ்சியும் போனால்தான் துணி ஈரம் உறிஞ்சும். தண்ணீரில் போட்டால் பத்து செகண்டுக்குள் மூழ்க வேண்டும்; மிதந்தால் ரிஜெக்ட்.

பாய்லர் அண்ணாச்சிதான் எனக்கு வாத்தியார். அவருடைய செகண்ட் கிளாஸ் அட்டென்டன்ட் சர்டிபிகேட் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கும். ஏழு கிலோவில் நிற்கும் கேஜ் முள், நான் சேர்ந்த இரண்டாவது வாரம் ஐந்துக்கு இறங்கியது. அண்ணாச்சி சீமைக்கருவேல் விறகைத் திணித்துக்கொண்டே இருந்தார். முள் ஏறவில்லை. மூன்றாம் நாள் சாம்பிள் துணி மிதந்தது.

முதலாளி வந்தார். "ராத்திரி தூங்குறீரா, இல்ல விறகு வேற எங்கயும் போகுதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதிக விறகுக்கான காசைச் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகவும் சொன்னார். அண்ணாச்சி பதில் பேசவில்லை. அன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவும் இல்லை.

மறுநாள் கியரில் லோடு இல்லாத நேரம் பார்த்து, "வா தம்பி, தேடுவோம்" என்றார்.

முதலில் கேஜ். பொய் சொல்லும் கேஜை நம்பி பாய்லரைப் பிரித்தவர்கள் உண்டாம். த்ரீ வே காக்கைத் திருப்பி வெளிக்காற்றுக்குத் திறந்தார். முள் நேராகப் பூஜ்யத்துக்கு வந்தது. கேஜ் நல்ல கேஜ். அடுத்து மெயின் ஸ்டாப் வால்வை மூடினார். கொஞ்ச நேரத்தில் முள் விறுவிறுவென்று ஏழுக்கு ஏறி நின்றது. அப்படியென்றால் பாய்லரில் குறை இல்லை, போகிற வழியில்தான் திருட்டு! மெயினைத் திறந்து, ஒவ்வொரு கிளையாகத் திறந்து பார்த்தோம். முதல் கியர் லைனில் முள் அசையவில்லை. இரண்டாம் கியர் லைனைத் திறந்ததும் சரியத் தொடங்கியது.

குளிர் நாடுகளில் வீட்டுக்கு வீடு சின்ன பாய்லர் வைத்து வெந்நீரைக் குழாயில் சுற்றவிட்டு அறையைச் சூடாக்குகிறார்கள். ஆறியிருக்கும்போது அதில் ஒன்று, ஒன்றரை பார் பிரஷர்தான் இருக்கும். அது குறைந்தாலும் கேள்வி ஒன்றுதான்: கேஜா, பாய்லரா, லைனா? அங்கே தண்ணீர் சொட்டி ஈரம் காட்டிக் கொடுக்கலாம். எங்கள் டிரெயினிலோ கியர் கழிவுநீர் எப்போதும் ஆவி பறக்க ஓடும். அந்த ஆவியோடு இந்த ஆவியும் கலந்து போனால் யாருக்குத் தெரியும்?

அண்ணாச்சி நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஸ்டீம் ட்ராப்பில் ஊன்றினார். ஆவியை விடாமல் தண்ணீரை மட்டும் தள்ளும் வால்வு அது. வேலை செய்தால் 'டக்... டக்' என்று கேட்கும். அது ஊமையாக இருந்தது. பக்கத்து பைபாஸ் குழாயில் வைத்தவர், டிரைவரை என் கையில் கொடுத்தார். 'ஸ்ஸ்ஸ்...' என்று ஓயாத இரைச்சல். பைபாஸ் வால்வு முழுசாக மூடவில்லை. ஏழு கிலோ பிரஷரில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே மணிக்கு இருபது கிலோ ஆவிக்கு மேல் போய்விடும். இது அதைவிடப் பெரிது.

அப்போதுதான் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. போன திங்கட்கிழமை காலை, லைனில் நின்ற தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்ற அந்த வால்வைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மூடும்போது டீ வந்துவிட்டது. பாதித் திருகலோடு போனவன் திரும்பவே இல்லை.

"அண்ணாச்சி... நான்தான்."

அவர் வால்வை இறுக மூடினார். முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, "மொதலாளிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானே போய்ச் சொன்னேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலேஜுக்கு லெட்டர் எழுதிவிடுவாரோ என்று கால் நடுங்கியது. எழுதவில்லை. சனிக்கிழமை அண்ணாச்சிக்குச் சம்பளம் முழுசாக வந்தது. அன்று எடுத்த சாம்பிள் துணி, ஆறு எண்ணுவதற்குள் வாளியின் அடியில் போய் உட்கார்ந்தது.

எனக்கு மட்டும் ஒரு உத்தரவு: வால்வுப் பக்கமே போகக் கூடாது. மிச்சமிருந்த ஒன்பது நாளும் அண்ணாச்சிக்கு விறகு எடுத்துக் கொடுத்தேன்.