பதினெட்டு வளைவும் டிக்கி வலையும்

கண்டி மாநகரிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் வழிகளுள் கண்ணுக்கு விருந்தாய் அமைவது மகியங்கனைப் பாதை. மலையையும் ஆற்றையும் சமவெளியையும் வாவியையும் ஒரே நாளிற் கண்டு களிக்கலாம். ஆயினும் உடதும்பறைக்கு அப்பால் ஒரு சோதனை காத்திருக்கிறது. அங்கே மலை செங்குத்தாய் இறங்க, பாதையோ கொண்டை ஊசிபோல் மடிந்து மடிந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வளைந்து செல்கின்றது. 'பதினெட்டு வளைவு' என்று நாடெங்கும் பெயர்பெற்ற இடம் அதுவே. அவ்விடத்திலே பிரயாணிகளுக்குத் தலைசுற்றுவது ஒருபுறமிருக்க, காரின் டிக்கியில் அடுக்கிய பொருள்கள் படும் பாடு தனிக்கதை. சென்ற விடுமுறையிற் குடும்பத்துடன் இவ்வழியே போய்வந்தோம். புறப்படுமுன் டிக்கியில் ஒரு வலையைப் பொருத்திக்கொண்டோம். சிறிய வேலைதான், ஆனால் அதனால் விளைந்த நன்மை சிறிதன்று.

நாம் ஐவர்: கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர், எழுபது வயதைக் கடந்த மாமியார். நமது கார் சிறியது. பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் இடையில் இருக்கையின் சாய்மானம் ஒன்றே தடுப்பு. அதற்கு மேலே வெறும் வெளி. துணிப்பெட்டிகள், தண்ணீர்க் கலன், உறவினருக்கென வாங்கிய மலைநாட்டு மரக்கறி, சக்கரம் மாற்றும் ஜாக்கி ஆகிய அனைத்தும் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் இருந்தன. இவை கட்டின்றிக் கிடப்பது தகுமா என்ற கேள்வியை எழுப்பியவர் கண்டியிலுள்ள மைத்துனர். "அத்தான், சாமான் கொட்டுண்டால் பொறுக்கலாம். பிள்ளைகளின் தலையிற் பட்டால் என்ன செய்வது?" என்றார் அவர்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஓடும் வண்டியிலுள்ள பொருளும் வண்டியின் வேகத்திலேயே ஓடுகின்றது. வண்டி சட்டென நின்றால், கட்டாத பொருள் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னே பாய்கின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது அடையும் வேகம். மூன்று மாடி உயரத்திலிருந்து ஒரு ஜாக்கி விழுவதை எண்ணிப் பார்த்தால் விளங்கும். வளைவிலும் இதே கதைதான். 10 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றில் மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால், பொருள் தன் நிறையில் காற்பங்கு அளவான விசையால் இழுபட்டதுபோல வெளிப்புறம் சாய்கின்றது. 25 கிலோமீற்றர் வேகத்தில் அது அரைப்பங்காகிவிடும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு என்பது கணக்கு. 12 கிலோ பெட்டி வழுவழுப்பான தரையில் வளைவுதோறும் இடமும் வலமும் ஓடுவதற்கு வேறு காரணந் தேட வேண்டியதில்லை.

அன்று மாலையே உதிரிப்பாகக் கடையொன்றில் ரப்பர் இழையால் பின்னிய வலையொன்றை வாங்கி வந்தோம். முதலில் டிக்கியை முற்றாக வெறுமையாக்கி, தரை விரிப்பின் மூலைகளைத் தடவிப் பார்த்தோம். அநேக கார்களில் நான்கு மூலைகளிலும் இரும்பு வளையங்கள் இருக்கும். சிலவற்றில் சிறிய பிளாஸ்டிக் மூடிகளின் கீழே திருகாணிக்கான துளைகள் மறைந்திருக்கும். நமது காரில் வளையங்கள் இரண்டும் மூடிய துளைகள் இரண்டும் இருந்தன. துளைகளில் அக்காருக்கென்றே விற்கப்படும் கொளுக்கிகளைத் திருகி இறுக்கினோம்.

துளை இல்லாத இடத்தில் புதிதாய்த் துளைப்பது ஆபத்தானது. தகட்டின் கீழே எரிபொருள் தாங்கியோ மின்கம்பிகளோ இருக்கக்கூடும். பசையால் ஒட்டும் கொளுக்கிகளோ, வெயிலிற் கிடக்கும் காரின் சூட்டிலே பிடிவிட்டுப் போகும். அவை பாரந் தாங்கா.

வலை டிக்கியின் தரையளவு பெரிதாயிருத்தல் கூடாது. ஏறக்குறைய முக்காற் பங்கு இருந்தால், கொளுக்கியில் மாட்டும்போது நன்கு இழுபட்டு விறைப்பாய் நிற்கும். தளர்ந்த வலை இருந்தும் பயனில்லை. முதலில் சாய்மானத்துப் பக்கத்து இரு மூலைகளையும், பின்னர் கதவுப் பக்கத்து இரண்டையும் மாட்டினோம். இழுத்து மாட்டும்போது முகத்தை நேரே நீட்டலாகாது. கைதவறினால் இரும்புக் கொளுக்கி கண்ணைப் பதம் பார்த்துவிடும். பிள்ளைகளை எட்ட நிற்கச் சொன்னோம்.

பொருள்களை அடுக்கும் முறையே வேலையிற் பாதி. பாரமானவை கீழே, சாய்மானத்தோடு ஒட்டி இருக்கவேண்டும், மெலிந்தவை மேலே. சாய்மான உயரத்துக்கு மேல் எதுவும் எழலாகாது. ஜாக்கியை அதற்குரிய இடத்திற் பூட்டினோம். தண்ணீர்க் கலனைத் தனிப் பட்டியால் வளையத்தோடு கட்டினோம். மீள்தன்மையுள்ள வலை சிறுபொருள்களை அலையாமற் காக்குமேயன்றி, மோதலின்போது பாரமான பொருளைத் தடுத்து நிறுத்தாது. அதற்குப் பட்டியே துணை.

மறுநாள் காலை புறப்பட்டோம். திகனையைக் கடந்ததும் விக்டோரியா நீர்த்தேக்கம் மலைகளுக்கிடையே பரந்து தெரிந்தது. மகாவலியை மறித்து 1985இல் திறந்துவைக்கப்பட்ட 122 மீற்றர் உயர அணையின் நீர் அது. பழைய தெல்தெனிய நகர் அந்நீரினுள் அமிழ்ந்துவிட்டதென்று மாமியார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார். உன்னஸ்கிரியவில் குளிர்காற்று வீசிற்று. வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் நின்றது. 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது.

பின்னர் வந்தன வளைவுகள். உச்சியிலிருந்து நோக்கினால் கீழ்நாட்டுச் சமவெளி வெயிலில் விரிந்து கிடக்கின்றது. நாம் நின்ற குளிருக்கும் அவ்வெயிலுக்கும் இடையே சில மைல்களே தூரம். தாழ்ந்த கியரில், ஒவ்வொரு வளைவிலும் ஒலியெழுப்பி, மேலேறும் பேருந்துகளுக்கு வழிவிட்டு இறங்கினோம். சிறியவன் வளைவுகளை எண்ணினான். மூத்தவள் டிக்கிப் பக்கம் காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. மரக்கறி மூட்டையில் ஒரு கரட்டேனும் உருளவில்லை. சாரதிக்கும் அது பெரும் ஆறுதல். பின்னால் ஏதேனும் 'கடகட'வென உருண்டால் மனம் அங்கே ஓடும். அவ்வளைவிலே மனம் பாதையை விட்டு அகலலாகாது.

மகியங்கனையில் மகாவலிப் பாலத்தைக் கடந்து, வேடர் வாழும் தம்பானை வழியாகப் பதியத்தலாவை, மகா ஓயா, செங்கலடி என ஓடி, மாலையில் மீன்பாடும் தேன்நாட்டை அடைந்தோம். வாவிக் கரையில் வலைகள் காயவிட்டிருந்தன. கல்லடிப் பாலத்தருகே வீச்சுவலை எறிந்தவரை நெடுநேரம் பார்த்து நின்ற பிள்ளைகள், "நம்முடைய டிக்கி வலையும் இதுவும் சொந்தமோ?" என்று கேட்டுச் சிரித்தனர்.

மட்டக்களப்புக்குப் போய் எருமைத் தயிர் வாங்காது திரும்புவோர் உண்டோ? திரும்பும் வழியிலே தெருவோரக் கடையொன்றில் நான்கு சட்டிகள் வாங்கினோம். "சட்டி சரிஞ்சா தயிர் உடைஞ்சு தண்ணி விட்டிரும் மகன், ஆடாமக் கொண்டு போங்க," என்றார் கடைக்கார அம்மா. மாமியார் பழந்துணியைச் சும்மாடுபோற் சுற்றி ஒவ்வொரு சட்டியின் அடியிலும் வைத்தார். நான்கையும் ஒரு பெட்டியினுள் நெருக்கி நிறுத்தி, அதன்மேல் வலையை இழுத்து மாட்டினோம். "அந்தக் காலத்தில் உறி கட்டித் தயிர்ச்சட்டியைத் தொங்கவிட்டோம். இது காருக்கு வந்த உறி," என்றார் அவர். பதினெட்டு வளைவையும் ஏறிக் கண்டி சேர்ந்து மூடியை அவிழ்த்தபோது, தயிர் கத்தியால் வெட்டலாம்போல் கட்டியாக இருந்தது.

இவ்வழியே செல்ல விரும்புவோர்க்கு இரண்டொரு குறிப்புகள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை தடைப்படுவதுண்டு. முன்கூட்டியே விசாரித்துப் புறப்படுக. பகல் வெளிச்சத்திலேயே வளைவுகளைக் கடந்துவிடுக. வலை வெப்பத்தால் நாளடைவில் தளரும். ஒவ்வொரு நெடும்பயணத்துக்கும் முன் இழையையும் கொளுக்கியையும் இழுத்துப் பார்த்து, நைந்திருந்தால் மாற்றிவிடுக. பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கைப் பட்டியை அணிக. முன்னே பாதையைப் பார்த்து ஓட்டுகிறோம். முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் புறப்படுமுன்னரே பார்த்து முடித்துவிட வேண்டும். அரைமணி நேர வேலை அது. பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக அந்த அரைமணியைச் செலவிடத் தயங்குவோர் நம்மில் எவருமிரார்.