இறங்கும் இடம்

திருப்பூர்க்காரர்களுக்குத் துணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியன் துணியை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று மறுபக்கம் வந்துவிடும். இதற்கு நேர் எதிரான ஒரு துணி இருக்கிறது. நெருக்கமாக நெய்து, மேலே பூச்சு கொடுத்த நைலான். அதில் காற்று புகவே கூடாது. புகுந்தால் ஆள் கீழே! அதுதான் பாராகிளைடர் துணி.

பாராகிளைடரில் எஞ்சின் கிடையாது, கம்பிச் சட்டமும் கிடையாது. முன்பக்கத் திறப்புகளில் காற்று நுழைந்து துணி விறைத்தால் அதுவே இறக்கை. சரிவில் பத்தடி ஓடினால் பறக்கலாம். எப்படிக் கிளம்புகிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்போம். பறப்பவர் முதலில் கேட்பது எங்கே இறங்குவது என்று. எஞ்சின் இல்லையே... தவறவிட்டால் மறுபடி மேலேறி ஒரு சுற்று வர முடியாது.

இறங்கும்போது காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். பாராகிளைடரின் வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர். எதிர்க்காற்று 15 என்றால் தரையில் 20, 25 வேகம்தான். அதே காற்று முதுகில் அடித்தால் 50ஐத் தாண்டும். கால் முறிய அது போதும். அதனால் கொடி, குளத்து அலை, புகை எதையாவது பார்த்துக் காற்றின் திசையைப் பிடிப்பார்கள். நம்ம ஊர் என்றால் சாயப்பட்டறை புகைபோக்கியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ஆடி மாதத்தில் இங்கே பறக்க நினைக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று 40ஐத் தாண்டினால் இறக்கை முன்னே போகாது, பின்னால்தான் போகும். உடுமலை பக்கத்துக் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், பறப்பவருக்குத் திண்டாட்டம். போதாததற்கு மின்கம்பிகள். மேலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத்தான் தேட வேண்டும்.

இந்தக் கணக்கு எவரெஸ்டில் இன்னும் கடினம். 1988 செப்டம்பர் 26 அன்று பிரான்ஸைச் சேர்ந்த ழான்-மார்க் புவாவன் அதன் உச்சியிலிருந்து முதன்முதலாகப் பறந்து, சுமார் 12 நிமிடத்தில் இரண்டாம் முகாமில் இறங்கினார். களைத்துப்போய் நடந்து இறங்கும் வழியில்தான் அங்கே பலர் உயிரை விடுகிறார்கள். பறந்தால் அந்த ஆபத்து இல்லை, வேறொன்று இருக்கிறது. உச்சியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. அதே எடையைத் தாங்க இறக்கை ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாகப் போக வேண்டும். எவ்வளவு உயரத்தில் இறங்குகிறோமோ, அவ்வளவு வேகமாகத் தரையைத் தொடுவோம்.

2011 மே 21 அன்று நேபாளத்தின் லக்பா ஷெரிங் ஷெர்பாவும் சானோ பாபு சுனுவாரும் ஒரே பாராகிளைடரில் அந்த உச்சியிலிருந்து பறந்தார்கள். பக்கத்து முகாமில் இறங்கவில்லை. சுமார் 40 நிமிடம் பறந்து, நாம்சே பஜாருக்கு மேலே உள்ள சியாங்போசே விமான ஓடுதளத்தில் இறங்கினார்கள். உயரம் 3,700 மீட்டருக்கு மேல். காற்று அடர்த்தி கூடிய இடம், திறந்தவெளி. லக்பா மலையேறி, பாபு பறப்பவர். மலையில் அவரை நம்பி இவர், வானத்தில் இவரை நம்பி அவர். பிறகு படகில் ஆற்றோடு வங்கக்கடல் வரை போனார்கள். இத்தனைக்கும் லக்பாவுக்கு நீச்சல் தெரியாது!

நம் நாட்டில் பாராகிளைடிங்குக்குப் பேர்போன ஊர் இமாச்சலத்தின் பீர்-பில்லிங். 2015இல் அங்கே உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள பில்லிங், கிளம்பும் இடம். கீழே உள்ள பீர், இறங்கும் இடம். அந்தப் பெயரில் இறங்கும் இடம்தான் முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

விடுமுறையில் பறக்க ஆசைப்படும் நண்பர்களே, பணம் கட்டும் முன் இறங்கும் இடத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கம்பி எங்கே, மரம் எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரோடு பறக்க வேண்டாம்.